பிறை நூர்தீன் காணாத பிறை

எங்கள் ஊரில் நூர்தீன் என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். கடை நூர்தீன், மோட்டார் நூர்தீன், பிறை நூர்தீன். முதல் இருவருக்கும் தொழிலால் வந்த பெயர். மூன்றாமவருக்குக் கண்ணால் வந்தது. ரமழானின் இருபத்தொன்பதாம் நோன்பன்று, எங்கள் ஊரான எத்தாளையின் மேற்குக் கரையில், சூரியன் கடலுக்குள் இறங்கிய பிறகு கீறல் போலத் தோன்றி மறைந்துவிடும் தலைப்பிறையை ஊரில் முதலாவதாகக் காண்பவர் அவர்தான்.

அவருடைய வீடும் எங்களுடைய வீடும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மனைவி றைஸா எனக்கு மதினி. மூத்தவள் நஸ்லா ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறாள். இளையவள் அமானிக்கு எட்டு வயது.

நானா மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தில், வடக்கு முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது சின்னப் பிள்ளை. வள்ளங்களில் வந்து கற்பிட்டியில் இறங்கிய சனத்தோடு வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டால் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டார். "உம்மா என்னை மடியில மல்லாக்கப் படுக்க வைச்சிருந்தா. தண்ணியப் பார்த்தாப் பயந்திடுவன் எண்டு. நான் வானத்தத்தான் பார்த்துக்கொண்டு வந்தன்" என்பார். அவ்வளவுதான். மேகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தனவாம். ஒரு வெள்ளைப் பறவை சிறகை அசைக்காமல் கூடவே வந்ததாம். அதெல்லாம் நடந்ததா, பின்னால் கண்ட கனவா என்று அவருக்கே இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது.

வளர்ந்த பிறகு தொழிலும் கடல்தான். பெருங்கடல் குமுறும் மாதங்களில் ஊருக்குக் கிழக்கே உள்ள உப்புக் களப்பில் இறால் பிடிப்பார். அமைதியான மாதங்களில் மேற்கே கடலில் வள்ளத்தை இறக்குவார். வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவர்களுக்குப் பீடியும் கதையும். இவருக்கு வானம். அப்படியே பார்த்துப் பார்த்து, மேக விளிம்பில் வெளிச்சம் நிற்கும் விதத்தையும் பிறையில் நிற்கும் விதத்தையும் பிரித்துச் சொல்லும் கண் அவருக்கு வந்துவிட்டது. ஒரு வருடம் கரையில் நின்ற எல்லோரும் பிறை கண்டோம் என்று தக்பீர் சொல்ல, இவர் மட்டும் இல்லை என்றார். அன்றைக்கு நாட்டில் வேறு எங்குமே பிறை காணப்படவில்லை. இன்னொரு வருடம் இவர் மட்டும் கண்டார். மறுநாள் பெருநாள் ஆனது. அதன் பிறகு எங்கள் பள்ளிவாசலில் நானாவின் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை.

பிறை கண்டேன் என்று சும்மா சொல்லிவிட முடியாது. மௌலவி குடைந்து குடைந்து கேட்பார். எந்தத் திசை, கடலில் இருந்து எவ்வளவு உயரம், கொம்புகள் எந்தப் பக்கம் பார்த்தன என்றெல்லாம். பதில்கள் சரியாக இருந்தால்தான் கொழும்பில் உள்ள பிறைக்குழுவுக்குச் செய்தி போகும். நம்பிக்கையானவர்களின் சாட்சியில்தான் ஒரு மாதம் முடிந்து அடுத்தது பிறக்கிறது.

அமானிக்கு நோய் என்று தெரிய வந்தது போன வருடம். காலெல்லாம் நீல நீலமாகக் கன்றியிருந்தது. ஊஞ்சலில் விழுந்திருப்பாள் என்று மதினி எண்ணெய் தடவினார். பிறகு காய்ச்சல் விடவில்லை. புத்தளத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோய். அதற்குப் பிறகு அந்த வீட்டு நாட்காட்டி மாறிப்போயிற்று. மருந்து ஏற்றும் நாள், வாந்தி எடுக்கும் நாட்கள், வெள்ளணு இறங்கிக் கிடக்கும் நாட்கள், அது மெல்ல ஏறி வீட்டுக்கு விடும் நாட்கள் என்று மாதங்கள் உருண்டன. கடந்த ஹஜ்ஜுப் பெருநாளை அமானி வார்ட் யன்னல் வழியாகக் கழித்தாள். எதிரே ஒரு கார் நிறுத்துமிடம்தான். யாரோ ஒரு குடும்பம் புது உடுப்போடு காரில் ஏறுவதை மட்டும் கண்டாளாம்.

"அடுத்த பெருநாள் வீட்டில எடுக்கோணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். மதினி தலையாட்டிவிட்டார். நோயாளிப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு சாதாரண வாக்கு இல்லையே.

நோன்பு பாதியில் அமானி வீட்டுக்கு வந்தாள். மருந்தால் முகம் ஊதி உப்பியிருந்தது. தலை மழமழவென்று தேங்காய்ச் சிரட்டை போல. ஆனால் வாய் மட்டும் மெலியவில்லை. நஸ்லா கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை சீவுவதைப் பார்த்து, "ராத்தா, ஒன்ட தலைக்கு எண்ணெய், சம்பூ, கிளிப், எவ்வளவு கரைச்சல். என்னப் பார்" என்பாள்.

"ஒனக்கும் முளைக்கும். அப்ப நான் ஒன்ட கிளிப்பெல்லாம் களவெடுப்பன்" என்பாள் நஸ்லா.

அவள்தான் தங்கைக்குப் பெருநாள் உடுப்புத் தைத்தாள். மயில்கழுத்து நிறம். வயிறும் வீங்கியிருந்தபடியால் அளவைக் கூட்டி, அது தெரியாத மாதிரி சுருக்கு வைத்துத் தைத்தாள்.

எல்லாம் ஒரு பிறையில் வந்து நின்றது. அடுத்த மருந்துக்கு வரச் சொன்ன நாளை எண்ணிப் பார்த்தார்கள். இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை கண்டால் மறுநாள் பெருநாள். அதற்கும் அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரி. காணாவிட்டால் முப்பது நோன்பு. பெருநாளும் ஆஸ்பத்திரியும் ஒரே நாளில். விடிய முன்னரே வான் வண்டியில் ஏறிவிட வேண்டும். மதினி வார்டுக்கு டெலிபோன் எடுத்து ஒரு நாள் தள்ளிப் போட ஏலுமா என்று கேட்டுப் பார்த்தார். முன்னொரு தடவை காய்ச்சலால் ஏற்கெனவே பிந்தியிருந்தது. இனிப் பிந்தக் கூடாது என்று தாதி மிஸ் அன்பாகத்தான் சொன்னார்.

"அப்ப வாப்பா பிறையக் கண்டாச் சரி" என்றாள் அமானி. அவளுக்கு அது மிகச் சின்ன வேலை. வாப்பாதானே ஊருக்கே பிறை காண்கிறவர்.

இருபத்தொன்பதாம் நோன்பு வந்தது. பின்னேர அசர்த் தொழுகைக்குப் பிறகே சனம் மேற்குக் கரைக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. மின்சாரக் காற்றாடிகள் வரிசையாக நின்று மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. கழுதைகள் இரண்டு கரையோரம் எதையோ முகர்ந்துகொண்டு நடந்தன. பள்ளிவாசல் தலைவர் கொழும்புக்குக் கதைக்கும் டெலிபோனை என் கையில் தந்திருந்தார். ஊரில் முதல் முதல் பல்கலைக்கழகப் பட்டம் எடுத்தவன் என்று எனக்கு அந்த மரியாதை. இஸ்ஹாக் மௌலவி மணலில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். நூர்தீன் நானா எல்லோரையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் காலைத் தொட்டுப் போகும் இடத்தில் நின்றார்.

அமானியைக் கூட்டி வரவில்லை. சனக் கூட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்பது டாக்டரின் கட்டளை. இருமலும் தும்மலும் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு என்று யாருக்குத் தெரியும்.

சூரியன் இறங்கியது. நோன்பு திறந்தோம். ஈச்சம்பழக் கொட்டையைத் துப்ப முன்னரே ஜவ்பர் எழும்பிவிட்டார். ஜவ்பர், நானாவின் வள்ளப் பங்காளி. நானாவைப் போலத் தானும் ஒரு தடவையாவது முதலாவதாகப் பிறை காண வேண்டும் என்று வருடா வருடம் ஆசைப்படுகிறவர்.

"அந்தா பிறை. நல்ல கொழுத்த பிறை."

எல்லோரும் அவர் விரல் காட்டிய பக்கம் திரும்பினோம். உண்மையிலேயே வளைந்து, இரண்டு கொம்போடு, கடலுக்கு மேலே நின்றது. நாலைந்து பேர் தக்பீர் சொல்லிவிட்டார்கள். அப்போது பிறை சட்டென்று இடது பக்கம் சாய்ந்தது. கீழே இறங்கி, திரும்பவும் மேலே ஏறியது.

நானா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ஜவ்பர், ஒன்ட பிறைக்குக் கீழ ஒரு வெள்ளைக்காரன் தொங்குறான்."

கண்டக்குழிப் பக்கம் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வருகிறவர்களில் ஒருவன். இருட்டப் போவது தெரியாமல் இன்னும் நின்றிருக்கிறான். கரை முழுக்கச் சிரித்தது.

"கொழும்புக்குச் சொல்லிடுவமா மௌலவி? கொம்பு ரெண்டு, கயிறு நாலு" என்றார் ஒருவர்.

"சிரிங்கடா சிரிங்க. தூரத்தில பார்த்தா ஆருக்கும் அப்பிடித்தான்" என்று ஜவ்பர் மணலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பட்டமும் இறங்கிப் போயிற்று. வானத்தின் அடியில் மாம்பழத் தோல் போல ஒரு நிறம். அதற்கு மேலே சாம்பல். அதற்கும் மேலே இன்னும் இருட்டாகாத நீலம். அலைச் சத்தம்கூட எங்கோ உள்ளே இருந்து வருவது போல இருந்தது. அத்தனை பேரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நேரம் ஓடுவதில்லை. தண்ணீரில் விட்ட எண்ணெய் போல அப்படியே பரவி நின்றுவிடுகிறது.

அப்போது நானாவின் கை மெல்ல மேலே வந்தது. பாதியில் நின்றது. விரல் நீளவில்லை.

நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். சாம்பலும் நீலமும் சேரும் இடத்தில் ஒரு கோடு. இருந்ததா, கண் வலித்ததால் தோன்றியதா, எனக்குச் சொல்லத் தெரியாது.

"நூர்தீன், ஏதும் தெரியுதா?" என்று மௌலவி பாயில் இருந்தபடி கேட்டார்.

நானா வானத்தில் இருந்து பார்வையை எடுக்கவில்லை. ஜவ்பர் அவர் பக்கத்தில் போய் நின்றார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் நான் பக்கத்தில் நின்றேன்.

"மச்சான், நீ கண்டன் எண்டு சொன்னா இஞ்ச ஆரும் மறுக்கப் போறதில்ல. கொம்பு எங்க, உயரம் எவ்வளவு, எல்லாம் ஒனக்குப் பாடம். புள்ளைய நினைச்சுப் பார்."

ஜவ்பர் சொன்னது சரிதான். எந்தக் கேள்விக்கும் சரியான பதில் நானாவின் வாயில் தயாராக இருந்தது. எத்தனை வருடப் பிறை. அதில் ஒன்றை எடுத்து இன்றைய வானத்தில் வைத்துவிட்டால் போதும். மயில்கழுத்து உடுப்பு, வட்டலப்ப இனிப்பு, வீட்டு வாசல், எல்லாம் நாளைக்கே.

நானா கண்ணை மூடித் திறந்தார். திரும்பவும் பார்த்தார். அந்தக் கோடு நடுவில் பிரிந்து, ஒரு பாதி மெல்லத் தடித்து, கலைந்தது.

"மௌலவி, அது மேகம்" என்றார். "பிறைய நான் காணல்ல."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தன். ஏலுமான அளவுக்குப் பார்த்தன்."

கொழும்புக்கு நான் அப்படியே சொன்னேன். பிறகு வானொலியிலும் சொன்னார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பது.

திரும்பி வரும் வழியில் நானா என்னோடு நடந்தார். வீடுகளுக்கு இடையே போகும் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினோம். பிறகு தனக்கே சொல்வது போலச் சொன்னார்: "தம்பி, இந்த மாசம் முழுக்க நோன்பு திறக்கிற நேரம் ஊரே அமானிக்கு துஆக் கேட்டது. நாளைக்கும் ஒரு நோன்பு இருக்குமெண்டா நாளைக்கும் கேப்பாங்க. அத நான் பொய் சொல்லி வெட்டுறதா?"

வாசலில் மதினி நின்றார். கையில் வட்டலப்பத்துக்குச் சீவிய கித்துல் கருப்பட்டித் தட்டு. கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். தட்டைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஜவ்பருக்கு வாய் சும்மா இருக்காது. தன் வீட்டில் சொல்லி, அங்கிருந்து வேலி தாண்டி வேலி தாண்டி, இரவு இஷாத் தொழுகை முடிய முன்னர் கதை மதினியிடம் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் குசினியில் நின்றால் அவர்கள் பேசுவது கேட்கும்.

"இஞ்ச பாருங்க, ஒரு கோடு தெரிஞ்சதாமே."

"மேகம் றைஸா."

"மேகமா பிறையா எண்டு உங்களுக்கே ஒரு கணம் விளங்கல்லத்தானே. கையத் தூக்கினீங்களாம். அந்த ஒரு கணத்தில வாயத் திறந்திருந்தா அது பொய்யுமில்ல."

மதினி விடவில்லை.

"ஊருக்கெல்லாம் கண் வைச்சிருக்கிறீங்க. வீட்டுக்குள்ள ஒரு புள்ள உங்கட கண்ண நம்பிக்கொண்டு..."

அங்கே நின்றுவிட்டது. அமானி எழும்பி வந்திருக்க வேண்டும். அவளுடைய குரல் தூக்கத்தில் தோய்ந்து வந்தது.

"உம்மா, வாப்பாவ ஏசாதீங்க. பிறை வரல்ல எண்டா வாப்பா என்ன செய்யிற? கொஞ்சம்தான் வலிக்கும், பிறகு சரியாப் போயிடும்."

கடைசி வார்த்தைகள், ஊசி போடும்போது மதினி அவளுக்குச் சொல்பவை.

முப்பதாம் நோன்பன்று பின்னேரம்வரை மதினி நானாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிப் பையை எடுத்து வைத்தார். படுக்கை விரிப்பு, பிளாஸ்க், மூடியுள்ள கோப்பை, அமானியின் சின்னத் தலையணை. நானா முற்றத்தில் வலை பொத்துவது போல இருந்தார். ஊசி ஒரே கண்ணில் போய்ப் போய் வந்தது. வான் ஓட்டும் றொமேஷ் சிலாபத்தில் இருந்து டெலிபோன் எடுத்து, விடிய முன்னர் வந்துவிடுகிறேன் என்று சொன்னான்.

பின்னேரம் நஸ்லா தங்கைக்கு மருதாணி வைத்தாள். வார்டில் என்றாலும் பெருநாள் பெருநாள்தானே. உள்ளங்கையில் மட்டும் வைத்தாள். நகத்தில் வைக்கக் கூடாது. விரலில் மாட்டும் கருவிக்கு நிறம் சரிவராது என்று மிஸ் சொல்லியிருக்கிறார். புறங்கையையும் ஊசிக்காக விட்டுவிட்டாள்.

"ராத்தா, பெருநாள் எப்ப தொடங்குற?" என்று அமானி கேட்டாளாம்.

"கையை ஆட்டாத. மஃரிபோட தொடங்கிடும். இன்டைக்கு மஃரிப் பாங்கு சொன்னா ஷவ்வால் ஒண்டு. ஓதுற பள்ளியில படிக்கல்லயா?"

"அப்ப வான் எப்ப வரும்?"

"சுபஹுக்கு முன்ன."

அமானி கொஞ்சம் யோசித்திருக்கிறாள். "அப்ப அதுக்கிடையில பெருநாள்தானே. நான் வீட்டிலதானே இருப்பன்."

எங்களில் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை அது. எங்கள் நாள் சூரியன் மறைவோடுதான் பிறக்கிறது. பெருநாள் இரவு என்று ஓர் இரவே இருக்கிறது. அந்த மஃரிபில் இருந்துதான் தக்பீர் ஆரம்பம். ஆனாலும் பெருநாள் என்றால் எங்கள் மனதில் விடியல்தான். காலைக் குளிப்பு, புது உடுப்பு, அத்தர், தொழுகை. அந்த விடியலுக்காகவே ஓர் இரவைத் தாண்டிப் பழகியவர்கள் நாங்கள்.

மதினி அறைக்குள் பையின் சிப்பை இழுத்துக்கொண்டிருந்தாராம். கை அப்படியே நின்றது. எழும்பி முற்றத்துக்கு வந்தார். அன்றைக்கு நானாவோடு அவர் பேசிய முதல் வார்த்தை இது:

"ஒரு கோழி அறுக்க ஏலுமா?"

நானா விளங்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

"மஃரிப் பட்டாப் பெருநாள். சோறு ஆக்க வேணாமா? எழும்புங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பின்னேரம் பறந்தது. அலுமாரி திறந்தது, கருப்பட்டித் தட்டு வெளியே வந்தது. வட்டலப்பம் ஆவியில் வேகும் சாமான். வேகாத சாப்பாடுதான் அமானிக்குத் தடை. நோன்போடு வாசம் பிடித்துப் பிடித்து நஸ்லாவுக்குத் தலை சுற்றியதாம். என் உம்மா வேலிக்கு மேலால் வெங்காயமும் இஞ்சியும் கொடுத்தார். என்ன சங்கதி என்று கேட்டறிந்து, அடுத்த வேலிக்கும் சொன்னார். நேற்று வந்த அதே வழியில் இன்றைக்குக் கதை திரும்பிப் போனது.

நோன்பு திறக்கக் கரைக்குப் போவோம் என்று சொன்னது நானா. மதினி தயங்கினார். "சனம் இருக்குமே."

"இன்டைக்கு ஆரு வாறது? முப்பது முடிஞ்சாப் பிறை பார்க்கத் தேவையில்லத்தானே."

உண்மைதான். இருபத்தொன்பதில் அத்தனை சனம் நின்ற கரை முப்பதில் வெறிச்சோடிக் கிடந்தது. ஊர் முழுக்க வீடுகளுக்குள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தது. காற்று, வள்ளங்கள், கழுதைகள், கடல். நானா அமானியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தார். மணலில் இறக்கியதும் மதினி அவளுடைய முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளியில் மூடாத வாயோடு அவள் மூச்சு விட்டாள். உப்புக் காற்றை நக்கிப் பார்த்தாளாம். இதையெல்லாம் மதினி பிறகு என் உம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார்.

பாங்கு கேட்டது. நோன்பு திறந்து, மணலிலேயே தொழுதார்கள். சலாம் கொடுத்து நிமிர்ந்தபோது அமானி கையை நீட்டினாள்.

"வாப்பா, அந்தா."

பிறை. தேட வேண்டியே இருக்கவில்லை. நல்ல உயரத்தில், தடித்து, தோணி போல மல்லாந்து, அவசரம் இல்லாமல் மிதந்தது. அதைச் சுற்றி வானம் தண்ணீர் போலத் தெளிந்து கிடந்தது. கடலில் அதற்கு நேரே ஒரு மெல்லிய பாதை. அமானி வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். அவள் தன் கண்ணால் பிறை கண்டது அதுதான் முதல் தடவை.

"வாப்பா, இவ்வளவு பெருசு. இது நேத்தும் இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும் மகள்."

"அப்ப நீங்க கண்டன் எண்டு சொல்லியிருந்தா அது பொய் இல்லயே."

நானா யோசித்துத்தான் பதில் சொன்னார். "பிறை இருந்திருக்கும். ஆனா நான் காணல்ல. காணாததக் கண்டன் எண்டா அது பொய்தான் புள்ள."

அமானி அதை ஒரு தலையாட்டலில் ஏற்றுக்கொண்டாள். மதினி பிறையைப் பார்க்கவில்லை; அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, நானாவின் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"வாங்க, சோறு ஆறப் போகுது."

அப்போது ஊர்ப் பக்கம் இருந்து தக்பீர் ஆரம்பித்தது. அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர். முதலில் எங்கள் பள்ளி, பிறகு அடுத்த ஊர்ப் பள்ளி, பிறகு எங்கோ தூரத்தில் ஒன்று. ஒன்றை ஒன்று துரத்தாமல், ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. நானா கூடச் சொன்னார். நஸ்லா சொன்னாள். அமானி குரல் எழும்பாமல் உதட்டால் சொன்னாள்.

வீட்டில் சஹன் வைத்தார்கள். பெருநாளில் எங்கள் ஆட்கள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் முன்னால் உள்ள சோற்றைச் சாப்பிடுவார்கள். அமானிக்கு நோய் வந்த பிறகு அவளுடைய கோப்பையும் கரண்டியும் தனி. யாருடைய கை பட்ட சோறும் அவளுக்கு ஆகாது. அதனால் மதினி, சஹனின் நடுவில் இறைச்சிக் கோப்பை வைக்கும் இடத்தில் அமானியின் மூடிக் கோப்பையை வைத்தார். அவள் நடுவில் இருந்து தன் கரண்டியால் எடுத்தாள். மற்ற மூவரும் சுற்றி இருந்து கையால் எடுத்தார்கள்.

"பார் இவவ. இறைச்சிட இடத்தில குந்தியிருக்கிறா" என்றாள் நஸ்லா.

"நீ ஓரத்தில கிட. நீ வெங்காயச் சலாது" என்றாள் அமானி.

இஷாவுக்குப் பிறகு நடந்ததை நானே கண்டேன். மயில்கழுத்து உடுப்போடு, தலையில் வெள்ளி நூல் ஓடிய முக்காட்டோடு, முகக்கவசம் கட்டிக்கொண்டு அமானி ஒழுங்கைக்கு வந்தாள். ஒரு பக்கம் நஸ்லா, மற்றப் பக்கம் வாப்பா. பெருநாளில் பிள்ளைகள் வீடு வீடாகப் போவது வழக்கம். அவளுக்கு எந்த வீட்டுக்குள்ளும் போக ஏலாது. அதனால் வீடுகள் வாசலுக்கு வந்து நின்றன. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. வேலிக்கு வேலி போன கதை அப்படி வேலை செய்திருந்தது. தடிமனும் இருமலும் பிடித்த பிள்ளைகளை உள்ளே அடைத்துவிட்டு, பெரியவர்கள் தத்தம் கேற்றுக்கு உள்ளேயே நின்றார்கள். ஒவ்வொரு கேற்றிலும் ஒரு விளக்கு. அவள் வர வர, "ஈத் முபாரக் அமானி" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் எடுக்க, அந்தச் சொல் அவளுக்கு முன்னால் ஒழுங்கையில் நடந்து போனது. அவள் மருதாணிக் கையை ஒவ்வொரு கேற்றுக்கும் ஒரு தடவை விரித்துக் காட்டினாள்.

ஜவ்பர் வீட்டு வாசலில் அவர் புதுச் சாரனோடு நின்றார்.

"மாமா, நான் இன்டைக்குப் பிறை கண்டன். கயிறு இல்லாத பிறை" என்றாள் அமானி.

"சொல்லிட்டாங்களா ஒனக்கும்" என்று ஜவ்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒழுங்கை முழுக்கச் சிரித்தது. நூர்தீன் நானாவும் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விடிய முன்னர் றொமேஷ் வந்தான். அமானி உடுப்பை மாற்ற மறுத்து, அதோடேயே ஏறித் தூங்கிப் போனாள். சிலாபத்துக்குக் கிட்ட, தெருவோரப் பள்ளிவாசல் ஒன்றில் றொமேஷ் தானாகவே வானை நிறுத்தி, "நானா, உங்கட தொழுகைக்குப் போயிட்டு வாங்க. நான் இவங்களப் பார்த்துக்கொள்றன்" என்றானாம். முன்பின் தெரியாத சனத்தோடு பெருநாள் தொழுதுவிட்டு, முன்பின் தெரியாதவர்களைக் கட்டித் தழுவிவிட்டு நானா வந்து ஏறினார்.

வார்டில் அவளைக் கண்டதும் மிஸ்ஸுக்கு மனம் கேட்கவில்லை. தெரிந்த தமிழில், "ஐயோ அமானி, இண்டைக்கு உங்கட பெருநாள் இல்லயா? வீட்டில இருக்கக் கிடைக்கல்லயே" என்றார்.

"இல்ல மிஸ், நான் பெருநாள் எடுத்திட்டுத்தான் வந்தன்" என்றாள் அமானி. ஊசிக்காகப் புறங்கையை நீட்டிக்கொண்டே மற்றக் கையால் பையைத் துழாவி, வட்டலப்ப டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது உங்களுக்கு. மருந்து பிறகு போடலாம். கெதியாச் சாப்பிடுங்க, பழுதாப் போயிடும்."